டாக்டர் ஹூ பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: ரசிகர்களின் கருத்து மோதல்களுக்கு நடுவே வழி தவறாமல் செல்வது எப்படி?

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய, காலத்தினூடே பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக் கோளினரைப் பற்றிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரை நான் மூன்று முறை பார்க்கத் தொடங்கினேன். முதல் கதையிலிருந்து வரிசையாகப் பார்ப்பதுதான் முறை என்று நீண்டகால ரசிகர் ஒருவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, முதல் முறை கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதைகளில் இறங்கினேன். நான்காவது கதையான ‘மார்கோ போலோ’வின் 7 எபிசோடுகளில் ஒன்றுகூட இன்று படமாக இல்லை என்பது அந்தக் கதைக்கு வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டாம் முறை, 2005இல் மீண்டும் தொடங்கிய தொடரை, ‘இவற்றையெல்லாம் தவிர்க்கலாம்’ என்று இன்னொருவர் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தேன். சீசனின் இறுதிக் கதையில் நடப்பது பாதி விளங்கவில்லை. ஆர்வம் வற்றி விட்டுவிட்டேன். மூன்றாம் முறைதான் தொடர் எனக்குள் வந்து குடியேறியது.

எனக்கு அறிவுரை சொன்னவர்கள் யாரும் தவறான எண்ணத்தோடு சொல்லவில்லை. அவரவர் எந்தக் காலத்தில், எந்த வயதில், எந்த நடிகரோடு உள்ளே நுழைந்தார்களோ, அந்த வாசலையே எல்லோருக்கும் காட்டினார்கள். அந்தக் கருத்துகளை எப்போது கேட்பது, எப்போது ஒதுக்குவது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று தெரியாமல் நான் இழந்த மாதங்களை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முக்கியமான திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை. கதையின் பெயர், ஆண்டு, எழுதியவர் ஆகிய அளவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

1. மூன்று ‘முதல் சீசன்’கள் இருப்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

‘முதல் சீசனைப் பாருங்கள்’ என்று யாராவது சொன்னால், எந்த முதல் சீசன் என்று கேளுங்கள். 1963இல் தொடங்கியது ஒரு முதல் சீசன். அந்த வரிசை 1989 டிசம்பர் வரை 26 சீசன்களாக ஓடியது. 1996இல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படத்துக்குப் பிறகு, 2005 மார்ச் 26 அன்று தொடர் மீண்டும் தொடங்கியபோது எண்கள் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, 2021 வரை 13 சீசன்கள் ஆயின. 2024இல் வெளிவந்த எபிசோடுகளுக்கு மறுபடியும் ‘சீசன் 1’ என்றே பெயரிட்டார்கள். ஆகவே ‘ஐந்தாவது சீசன் அற்புதம்’ என்று ஒருவர் சொல்வது 1968ஆம் ஆண்டைக் குறிக்கலாம், 2010ஆம் ஆண்டையும் குறிக்கலாம். சீசன் எண்ணை வைத்து எதையும் தேடாதீர்கள், வாங்காதீர்கள், வாதம் செய்யாதீர்கள். ஆண்டையும் டாக்டராக நடித்தவரின் பெயரையும் மட்டுமே அடையாளமாகக் கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலாவது, ஒளிபரப்பான தேதி வரிசையில் அமைந்த எபிசோட் பட்டியல். அதில் சிறப்பு எபிசோடுகளும் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பல ஒளிபரப்புச் செயலிகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சிறப்புகள் சீசன்களுக்குள் வராமல், ‘ஸ்பெஷல்கள்’ என்ற தனிப் பகுதியில் கிடக்கும். 2005 டிசம்பர் 25 அன்று வந்த ‘தி கிறிஸ்துமஸ் இன்வேஷன்’ புதிய டாக்டராக டேவிட் டெனன்ட் முழுமையாகத் தோன்றும் முதல் கதை. அதை அறியாமல் நான் நேராக 2006ஆம் ஆண்டின் முதல் எபிசோடுக்குத் தாவியதால், புதிய மனிதரோடு அறிமுகமே ஆகாமல் அவருடைய பயணத்தின் நடுவில் போய் விழுந்தேன். டெனன்ட் விடைபெறும் ‘தி எண்ட் ஆஃப் டைம்’ 2009 கிறிஸ்துமஸிலும் 2010 புத்தாண்டிலும் இரு பகுதிகளாக வந்தது. அதுவும் பல இடங்களில் சீசனுக்கு வெளியேதான் இருக்கும். 2013 நவம்பர் 23 அன்று வந்த 50ஆம் ஆண்டுச் சிறப்பான ‘தி டே ஆஃப் தி டாக்டர்’ நிலையும் இதுவே.

இரண்டாவது, யார் எப்போது என்பதைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு. டாக்டர் இறக்கும் தறுவாயில் வேறு உடலும் வேறு குணமும் பெறுவார் என்பது தொடரின் அடிப்படை. ரசிகர்கள் அதை ‘ரீஜெனரேஷன்’ என்பார்கள். நடிகர் மாறுவதைப் போலவே தலைமை எழுத்தாளரும் மாறுகிறார், கருத்து மோதல்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது மாற்றத்தைப் பற்றியவை. 2005இலிருந்து 2010 புத்தாண்டு வரை ரஸல் டி டேவிஸ் பொறுப்பில் இருந்தார். டாக்டர்கள் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டனும் டேவிட் டெனன்டும். 2010 ஏப்ரலிலிருந்து 2017 வரை ஸ்டீவன் மாஃபட். டாக்டர்கள் மேட் ஸ்மித்தும் பீட்டர் கபால்டியும். 2018இலிருந்து 2022 வரை கிறிஸ் சிப்னல். டாக்டர் ஜோடி விட்டேக்கர். 2023இல் டேவிஸ் திரும்பி வந்தார். டெனன்ட் மூன்று சிறப்பு எபிசோடுகளில் மறுபடியும் தோன்றிய பின், 2025 வரை ஷூட்டி கட்வா டாக்டராக நடித்தார். இந்தக் குறிப்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு எபிசோடும் முடிந்தவுடன், பிறர் கருத்து எதையும் படிப்பதற்கு முன், மூன்று வரிகள் எழுதுங்கள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை. இது சடங்குபோலத் தோன்றலாம். ஆனால் பல்லாண்டுகளாக வாதிட்டுப் பழகியவர்களின் சொற்களுக்கு முன்னால் புதியவரின் கருத்து எவ்வளவு விரைவாகக் கரைந்துபோகும் என்பதை அனுபவித்தவன் என்பதால் வலியுறுத்திச் சொல்கிறேன்.

3. எந்த வாசலில் நுழைவது?

ரசிகர்கள் மிகக் கடுமையாக மோதிக்கொள்ளும் முதல் கேள்வி இது. என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: 2005ஆம் ஆண்டின் ‘ரோஸ்’ எபிசோடிலிருந்து தொடங்குங்கள். அது புதியவர்களுக்காகவே எழுதப்பட்டது. ரோஸ் என்ற கடைப் பணிப்பெண்ணின் கண்வழியாகத்தான் டாக்டரையும் அவருடைய டார்டிஸ் என்ற காலப் பயணக் கலத்தையும் நாம் முதலில் காண்கிறோம். அங்கிருந்து போனால் பின்னால் வரும் எதற்கும் முன்கதை தேட வேண்டியதில்லை.

இந்த வாசலில் இரண்டு தடைகள் உண்டு. முதல் எபிசோடிலேயே ஒரு பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி ஆளை விழுங்கி ஏப்பம் விடும். நான்காவது, ஐந்தாவது எபிசோடுகளில் வாயுப் பிரச்சினையுள்ள வேற்றுக் கோளினர் வருவார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் நேரத்துக்காக எடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடந்துபோங்கள். ஆறாவது எபிசோடான ‘டாலெக்’ வரை பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது என் முதல் விதி. ஒன்பதாவதும் பத்தாவதுமாக வரும், 1941இன் குண்டுவீச்சுக் கால லண்டனில் நடக்கும் இரட்டைக் கதையைப் பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால், தாராளமாக வேறு வாசலுக்கு மாறலாம்.

படப்பிடிப்பின் தரம் பழையதாகத் தோன்றுவதே உங்கள் தடையானால், 2010 ஏப்ரல் 3 அன்று வந்த ‘தி இலெவன்த் அவர்’ நல்ல வாசல். புதிய டாக்டர், புதிய தோழி, புதிய எழுத்தாளர், புதிய டார்டிஸ் என எல்லாமே அங்கே புதிதாகத் தொடங்குகின்றன. 2018இன் ‘தி வுமன் ஹூ ஃபெல் டு எர்த்’ எபிசோடையும் வாசலாகக் கொள்ளலாம். அந்த ஆண்டின் 10 எபிசோடுகளில் பழைய எதிரிகள் ஒருவரும் வரவில்லை. டாலெக் 2019 புத்தாண்டுச் சிறப்பில்தான் திரும்பியது. நீண்டகால ரசிகர்கள் பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். முன்கதை அறியாத ஒருவருக்கு அதுவே பெரிய வசதி. ஒரே செய்தி ஒருவருக்குக் குறையாகவும் இன்னொருவருக்கு நிறையாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தத் தொடரில் எனக்குக் கிடைக்கவில்லை.

தவிர்க்க வேண்டிய வாசல் ஒன்று உண்டு. ‘முதலில் பிளிங்க் பாருங்கள்’ என்று பலர் சொல்வார்கள். 2007இல் வந்த அந்த எபிசோட் மிகச் சிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் டாக்டர் மிகக் குறைந்த நேரமே தோன்றுகிறார். அதை முதலில் பார்த்துவிட்டு, தொடர் முழுவதும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்து நின்றவர்களை நான் அறிவேன். அது தன் இடத்தில், 2007 வரிசையில் வரட்டும்.

4. காலமும் செலவும்

2005இலிருந்து 2021 வரையிலான 13 சீசன்களில் 153 எபிசோடுகள் உள்ளன. பெரும்பாலானவை ஏறக்குறைய 45 நிமிடம். 2018க்குப் பிந்தியவை சற்று நீளமானவை. சிறப்பு எபிசோடுகளைச் சேர்க்காமலே ஏறக்குறைய 120 மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், சிறப்புகளையும் சேர்த்தால் ஆறு மாதம் வேண்டும். அதற்குப் பின் 2023இன் சிறப்புகளும், 2024, 2025 ஆண்டுகளின் 8 எபிசோடுகள் வீதமும் உள்ளன. பழைய தொடர் வேறு கணக்கு: ஏறக்குறைய 700 எபிசோடுகள், பெரும்பாலும் 25 நிமிடம், அதாவது 290 மணி நேரத்துக்குக் குறையாது. இந்த எண்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம். யாரும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செலவில் நான் செய்த பிழை, எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்று நம்பி ஆண்டுச் சந்தா கட்டியது. இந்தத் தொடரின் ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பிபிசியின் ஐபிளேயரில் பெரும்பகுதி கிடைக்கிறது. அதைப் பார்க்கத் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. பிரிட்டனுக்கு வெளியே அந்தச் சேவை கிடையாது. 2023 நவம்பரிலிருந்து 2025 வரை வந்தவற்றைப் பிரிட்டன், அயர்லாந்து தவிர்த்த நாடுகளில் டிஸ்னி பிளஸ் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளும் அங்கேயே இருக்கும் என்று எண்ணிச் சந்தா கட்டாதீர்கள். பணம் செலுத்துவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: 2005ஆம் ஆண்டு இருக்கிறதா, சிறப்பு எபிசோடுகள் இருக்கின்றனவா, வசன எழுத்துகள் இருக்கின்றனவா, மாதச் சந்தா உண்டா? ஒரு மாதச் சந்தாவில், நாளுக்கு ஒரு எபிசோட் பார்த்தால் 13 எபிசோடுகள் கொண்ட சீசன்கள் இரண்டை முடித்துவிடலாம். வசன எழுத்துகளைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: எக்கல்ஸ்டனின் வட இங்கிலாந்து உச்சரிப்பும் கபால்டியின் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் பழகும் வரை பல நல்ல வசனங்கள் காதில் விழாமலே போய்விடும்.

குறுந்தட்டாக வாங்குபவர்கள் மண்டலக் குறியைப் பாருங்கள். பிரிட்டனின் டிவிடி இரண்டாம் மண்டலத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவினது முதல் மண்டலம். உங்கள் கருவி அந்த மண்டலத்தை ஏற்காவிட்டால் வாங்கிய தட்டு வெறும் தட்டுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிடாமல், உங்களுக்குப் பிடித்த டாக்டர் யார் என்று தெரிந்த பிறகு அவருடைய ஆண்டுகளை மட்டும் வாங்குங்கள்.

5. கருத்துகளைப் படிக்கும் முறை

மிகுந்த கவனம் தேவைப்படும் படி இதுதான். ஒரு டாக்டரின் காலத்தை முழுவதும் பார்த்து முடிக்கும் வரை, அந்தக் காலத்தைப் பற்றிய எந்தக் கருத்தையும் படிக்க வேண்டாம். முடித்த பிறகு படியுங்கள். ஆனால் ஒவ்வொரு கருத்தையும் கீழ்க்கண்ட கேள்விகளின் வழியாகச் செலுத்துங்கள்.

எழுதியவர் முதலில் பார்த்த டாக்டர் யார்? பெரும்பாலானோர் இதை எங்கேயாவது சொல்லிவிடுவார்கள். டெனன்டோடு தொடங்கியவருக்கு, காதலும் பிரிவும் குடும்பமும் கலந்த உணர்ச்சிப் பெருக்கே தொடரின் உயிர். அவருக்கு மாஃபட்டின் காலம் புதிர்களால் நிறைந்த, மனம் ஒட்டாத காலமாகத் தெரியும். மேட் ஸ்மித்தோடு தொடங்கியவருக்கு, காலத்தையே முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் அந்தப் புதிர்தான் தொடரின் உயிர். டேவிஸின் சீசன் முடிவுகள் அவருக்கு ஆரவாரமாகத் தெரியும். பழைய தொடரின் டாக்டர்களில் ஒருவரான டாம் பேக்கரின் காலத்தில் வளர்ந்தவர் இருவரையும் ஒருசேரக் குறை சொல்லக்கூடும். மூவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்த இயல்பினர் என்பது தெரிந்தால், யாருடைய பரிந்துரை உங்களுக்குப் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

எழுதியவர் எப்போது எழுதினார்? வாரம் ஒன்றாகப் பார்த்தபோது எழுதிய கருத்தும், பின்னாளில் தொடர்ந்து பார்த்து எழுதிய கருத்தும் வெவ்வேறாக இருக்கும். 2011ஆம் ஆண்டின் சீசன் ஏப்ரலில் தொடங்கி ஜூனில் நின்று, ஆகஸ்ட் இறுதியில் மறுபடியும் தொடங்கியது. ரிவர் சாங் என்ற பாத்திரத்தைச் சுற்றிய புதிர்களோடு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் சலிப்பு, இரண்டு வாரத்தில் அதை முடிக்கும் உங்களுக்கு இருக்க வேண்டிய காரணமில்லை.

குறை சொல்லப்படுவது நடிப்பா, எழுத்தா, தொடரின் பழைய செய்திகளில் செய்யப்பட்ட மாற்றமா? ஜோடி விட்டேக்கரின் காலத்தைப் பற்றிய வாதங்களில் இந்த மூன்றும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. முதன்முறையாகப் பெண் ஒருவர் முதன்மை டாக்டரானதை ஏற்காதவர்கள் ஒரு புறம். அவரை விரும்பியும் உரையாடல்கள் விளக்க உரைபோல இருந்தன என்று வருந்தியவர்கள் ஒரு புறம். 2020 மார்ச் 1 அன்று வந்த ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ எபிசோட் டாக்டரின் பிறப்பு வரலாற்றையே மாற்றியதை எதிர்த்தவர்கள் இன்னொரு புறம். மூன்று தரப்பும் ‘அந்தக் காலம் மோசம்’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்வதால், புதியவருக்கு எல்லாம் ஒரே குரலாகக் கேட்கும். நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளியது: எபிசோடின் பெயரையோ காட்சியையோ குறிப்பிடாத குறைக்கு எந்த எடையும் கொடுப்பதில்லை. அந்தக் காலம் முழுவதையும் தவிர்த்துவிடச் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால், 1947இன் பிரிவினையை ஒரு குடும்பத்தின் திருமண நாளில் வைத்துச் சொல்லும் ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ எபிசோடை நான் பார்த்தே இருக்க மாட்டேன். வினய் படேல் எழுதிய அந்தக் கதை, என் கணக்கில், தொடரின் மிகச் சிறந்த பத்துக்குள் நிற்கும்.

இன்னொரு பிளவையும் அறிந்துகொள்ளுங்கள். 2023க்குப் பிறகு பூதங்களும் கடவுளர்களும் மூடநம்பிக்கையின் ஆற்றலும் கதைக்குள் வந்தபோது, இது அறிவியல் புனைகதையா மாயக் கதையா என்ற வாதம் எழுந்தது. அறிவியல் விளக்கம் கிடைத்தால்தான் மனம் நிறையும் என்பவர் நீங்களானால், 2024இன் ‘73 யார்ட்ஸ்’ உங்களைத் தவிக்கவிடும். விளக்கம் இல்லாத அச்சத்தை ரசிப்பவரானால் அதுவே உங்களுக்குப் பிடித்த எபிசோடாகலாம். இரு தரப்பின் எழுத்துகளையும் படித்துவிட்டு நான் முதல் தரப்போடு பெருமளவு உடன்படுகிறேன். ஆனாலும் அந்த எபிசோடை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

6. ‘தவிர்க்கலாம்’ பட்டியல்களையும் வாக்கெடுப்புகளையும் நம்பும் அளவு

2005ஆம் ஆண்டின் சீசனில் ‘தி லாங் கேம்’, ‘பூம் டவுன்’ ஆகிய இரண்டையும் தவிர்க்கலாம் என்று எனக்குக் கிடைத்த பட்டியல் சொன்னது. தனித்தனியே பார்த்தால் அவை சாதாரணமானவைதாம். ஆனால் சீசனின் இறுதிக் கதை நடக்கும் இடம் முதலாவதில் அறிமுகமாகிறது. அந்தக் கதையின் முடிச்சு அவிழ்வதற்கான விதை இரண்டாவதில் ஊன்றப்படுகிறது. பட்டியல் எழுதியவர் தரத்தை மட்டும் எடைபோட்டார், தொடர்ச்சியை எடைபோடவில்லை. ஆகவே முதல் முறை பார்க்கும்போது எதையும் தவிர்க்காதீர்கள் என்பதே என் அறிவுரை. ஓர் எபிசோட் தாங்க முடியாததாக இருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தையாவது பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். 2006இன் ‘லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ எபிசோடுக்கு மட்டும் பலர் விலக்குக் கேட்பார்கள். அதை வெறுப்பவர்களையும் உயிராக நேசிப்பவர்களையும் ஒரே அளவில் சந்தித்திருக்கிறேன் என்பதால், அதற்கும் விலக்கு அளிக்க மாட்டேன்.

வாக்கெடுப்புகளைப் பொறுத்தவரை ஒரு செய்தியைச் சொல்கிறேன். ‘டாக்டர் ஹூ மேகசின்’ 2009இல் 200 கதைகளுக்கு வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ முதலிடமும், ‘தி ட்வின் டிலெம்மா’ கடைசி இடமும் பெற்றன. இவ்விரண்டும் 1984 மார்ச்சில் அடுத்தடுத்து ஒளிபரப்பான கதைகள். பீட்டர் டேவிசன் விடைபெற்ற கதை உச்சியில். அடுத்த வாரம் தொடங்கிய, காலின் பேக்கரின் முதல் கதை அடியில். ‘அந்த ஆண்டு நன்றாக இருக்கும்’, ‘அந்த ஆண்டு மோசம்’ என்ற தீர்ப்புகளை இதன் பிறகு நான் ஏற்பதே இல்லை. அதே இதழின் 2014 வாக்கெடுப்பில் முதலிடம் ‘தி டே ஆஃப் தி டாக்டர்’ சிறப்புக்குப் போனது. அது வெளிவந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. கடைசி இடம் மட்டும் மாறவில்லை. எனவே, வாக்கெடுப்பின் உச்சியில் இருப்பவற்றைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவற்றின் வரிசை எண்ணுக்குப் பொருள் தேட வேண்டாம்.

7. பழைய தொடருக்குள் நுழைவது

புதிய தொடரில் குறைந்தது இரண்டு டாக்டர்களை முடித்த பிறகு இங்கே வாருங்கள். ‘பழையதுதான் உண்மையான டாக்டர் ஹூ’ என்பவர்களும், ‘அட்டைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது’ என்பவர்களும் இங்கே மோதுவார்கள். இருவருமே ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்வதில்லை: பழைய கதைகள் வாரம் 25 நிமிடம் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. ஆறு பகுதிக் கதையை ஒரே இரவில் பார்த்தால் ஓட்டங்களும் சிறைப்படுதலும் தப்பித்தலும் திரும்பத் திரும்ப வந்து களைப்பைத் தரும். நாளுக்கு ஒரு பகுதி என்று பார்த்தால் அதே கதை இறுக்கமாக நிற்கும். இதைக் கடைப்பிடித்த பிறகுதான் எனக்குப் பழைய தொடர் பிடித்தது.

வரிசையாகப் பார்க்காதீர்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தின் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் பிபிசியிடம் இல்லை. ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திய காலம் அது. எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு உண்டு. அந்நாளைய ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்து வைத்ததால் கிடைத்த செல்வம் அது. சிலவற்றை அந்த ஒலியோடு இயங்குபடமாக (அனிமேஷன்) ஆக்கி வெளியிட்டிருக்கிறார்கள். 2016இல் வந்த ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ அப்படிப்பட்டது. வாங்கும்போது அது அசல் படமா, இயங்குபடமா, நிழற்படங்களின் தொகுப்பா என்று உறை மேல் படித்துவிட்டு வாங்குங்கள். 2023 நவம்பரில் ஐபிளேயர் 800க்கும் மேற்பட்ட எபிசோடுகளை ஒன்றாக வெளியிட்டபோதும், உரிமைச் சிக்கலால் மிக முதல் கதை அதில் இடம்பெறவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எனக்குப் பயன்பட்ட வரிசை இது: வண்ணத்தில் வந்த முதல் கதையான, 1970இன் ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’, 4 பகுதிகள், 1975இன் ‘ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’, 6 பகுதிகள், 1979இன் ‘சிட்டி ஆஃப் டெத்’, 4 பகுதிகள், பிறகு ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’, 4 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதியாக மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். இந்த நான்கில் ஒன்றுகூட மனத்தைத் தொடவில்லையென்றால், பழைய தொடர் உங்களுக்கானது அல்ல என்று நிம்மதியாக விட்டுவிடலாம்.

8. ‘கேனன்’ வாதத்தில் சிக்காதிருப்பது

எது அதிகாரபூர்வமான கதை, எது இல்லை என்ற வாதத்தைத்தான் ‘கேனன்’ என்கிறார்கள். பிபிசி இதற்கு ஒரு பட்டியலை வெளியிட்டதே இல்லை. தொடரோ தன்னைத் தானே பல முறை மறுத்திருக்கிறது. யூனிட் என்ற படைப்பிரிவின் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் வந்த கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள்; 1983இல் வந்த கதையிலோ அந்தப் படைத்தலைவர் 1977இலேயே ஓய்வுபெற்றுப் பள்ளியில் பாடம் நடத்துகிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 2008இல் டாக்டரே அந்தப் படையில் பணியாற்றியது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுவதாக ஒரு வசனம் வைத்துக் கடந்துபோனார்கள். 1996 திரைப்படத்தில் டாக்டர் தாய்வழியில் பாதி மனிதர் என்றார்கள். பின்னால் வந்த தொடர் அதை ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை.

இந்த முரண்களைப் பொருத்திப் பார்ப்பது இன்பமான வேலை. நானும் பல மாலைகளை அதில் செலவிட்டிருக்கிறேன். ஆனால் பார்த்து முடிக்காத நிலையில் அந்த வாதத்துக்குள் போனால், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு திருப்பத்தை முன்கூட்டியே உடைக்கும். குறைந்தது 2013இன் கிறிஸ்துமஸ் சிறப்பு வரை பார்க்காமல் டாக்டருக்கு எத்தனை வாழ்வுகள் என்ற உரையாடலுக்கும், 2020 வரை பார்க்காமல் அவருடைய பிறப்பைப் பற்றிய உரையாடலுக்கும் போக வேண்டாம்.

9. உங்கள் தீர்ப்பைச் சொல்லும் நேரம்

புதிய டாக்டர் வந்தவுடன் பிடிக்காமல் போவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. முந்தையவரின் பிரிவு இன்னும் ஆறாமல் இருக்கும்போது புதியவரை எடைபோடுகிறோம். ஒருவர் விடைபெற்ற பின் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். புதியவருக்கு ஒரு முழு சீசன் கொடுங்கள், கபால்டிக்கு இரண்டு. 2014இல் அவருடைய முதல் சீசனைப் பார்த்தபோது, அவர் கடுமையானவர், இரக்கமற்றவர், தோழி கிளாராவின் வாழ்க்கைக்கு அதிக இடம் கொடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் என் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். 2015இல் அவர் ஏறக்குறைய தனி ஒருவராக நடித்த ‘ஹெவன் சென்ட்’ எபிசோடின் கீழே ஒரே வரிதான் இருக்கிறது: ‘முதலிலிருந்து மறுபடியும் பார்க்க வேண்டும்.’ பார்த்தேன். அந்த முதல் சீசனுக்கான இரண்டாம் குறிப்புகள் முதல் குறிப்புகளுக்குப் பக்கத்திலேயே, வேறு நிற மையில் இருக்கின்றன. நீங்களும் குறிப்பேட்டில் வலப் பக்கத்தில் மட்டும் எழுதி, இடப் பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.